நான்காவது ஊசி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் குளிருக்குப் பத்திரமாக, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே அப்பா நலம், மழை நாளில் மட்டும் முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. நானும் நலம். தம்பி நலமா என்று நீ கேட்டால் அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் நான் ஆமாம், இல்லை, பார்க்கலாம் என்று மூன்றே வார்த்தையில் பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். கோபம் நியாயம்தான். ஆனால் நம் வீடு உனக்குத் தெரியாததா, கூடத்தில் தும்மினால் அவன் அறையில் கேட்கும். நான் குரலைத் தாழ்த்திப் பேசினால் தன்னைப் பற்றி ஏதோ திட்டம் போடுகிறோம் என்று அவனுக்குத் தோன்றும். சத்தமாகப் பேசினால் தன் கதையை ஊருக்கே ஒலிபரப்புகிறேன் என்று வருத்தப்படுவான். இரண்டும் இல்லாமல் பேச எனக்கு வரவில்லை. அதனால் அவனிடம் சொல்லிவிட்டேன், அக்காவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன், உன்னைப் பற்றியும் எழுதுவேன் என்று. எழுதிக்கோ என்றான். அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன் என்பதை நீயும் தெரிந்துகொள்.

நீ இங்கிருந்து போனபோது அவன் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நாம் எல்லோரும் நம்பினோம். ஒருநாள் அவன் அறைத் திரையைத் துவைக்கக் கழற்றினேன். ஓரத்து மடிப்பைப் பிரித்து உள்ளே மாத்திரைகளை வரிசையாகப் போட்டு வைத்திருந்தான். எண்ணினால் நாற்பத்தொன்று. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு எனக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் கேட்டபோது, மாத்திரை போட்டால் மண்டைக்குள் ஈரச் சாக்கை வைத்த மாதிரி இருக்கிறது என்றான். பன்னிரண்டு வருஷமாக இந்த மனநோயோடு இருக்கிறவன், அவன் சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை இன்றுவரை உனக்குச் சொல்லவில்லை. நீ போனில், எப்படியாவது உள்ளே போக வைம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாய், அது எப்படி உள்ளே போகிறது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணே, அந்த வேலையைச் செய்தது என் கைதான்.

மாத்திரையைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் பொடியாக்கி அவன் பாலில் கலந்தேன். வாழைப்பழத்தை மசித்துப் போட்டுச் சர்க்கரையும் கூட்டினால் கசப்பு தெரியவில்லை. எட்டு மாதம். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியும், அவர் அந்த நேரத்தில் சமையலறைப் பக்கமே வர மாட்டார். அவன் நன்றாகத்தான் இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று சொல்வானே, அந்தப் பேச்சுகூடக் குறைந்தது. ஆனால் நடுநடுவே, சாப்பாட்டில் யாரோ ஏதோ போடுகிறார்கள் என்பான். அப்போதெல்லாம் நான் என்ன செய்வேன் தெரியுமா, மீதிப் பாலை என் டம்ளரில் ஊற்றி, இதோ பார், நானும் குடிக்கிறேன் என்று அவன் கண் முன்னால் குடித்துக் காட்டுவேன். என் டம்ளரில் பொடி கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். ஒரு பிள்ளை தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தால்கூட என்ன ஏது என்று விசாரிப்பேன். அந்தக் கை செய்த வேலை இது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் பொடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. “சாப்பாட்டுல ஏதோ இருக்குன்னு நான் சொன்னப்பல்லாம், அது உன் நோய்டா, அப்படித்தான் தோணும்னு சொன்னியேம்மா. இப்ப நான் எதை நம்புறது?” என்று கேட்டான். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

அன்றோடு என் கைச் சோற்றை நிறுத்தினான். கடையில் வாங்கிய பிஸ்கட், ஓடு உடைக்காத முட்டை, தோல் உரிக்காத பழம், இவ்வளவுதான். தண்ணீரைக்கூடக் குழாயில் தானே பிடித்துக் குடித்தான். மாத்திரையும் நின்றது. ஆறாவது வாரம் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் மத்தியானம் ஆளைக் காணவில்லை. தெருத் தெருவாக ஓடினேன். கடைசியில் அப்பாதான் கண்டுபிடித்தார். அவர் லிஃப்ட் வேலை பார்க்கிற பக்கத்துக் கட்டடத்தில், மொட்டை மாடியில் மோட்டார் அறை இருக்கிறதே, அந்தச் சாவி நம் வீட்டு ஆணியில் காணோம். அவன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மோட்டார் இரைச்சலில் மற்ற குரல்கள் அமுங்கிப் போகின்றனவாம், பிறகு சொன்னான். அப்பா கதவைத் தட்டவில்லை, உடைக்கச் சொல்லவில்லை. வெளியே வெயிலில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இப்போது மூன்றாவது மாடிக்குப் போகிறது, இப்போது கீழே இறங்குகிறது என்று மோட்டார் சத்தத்தை வைத்தே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரம். லிஃப்டைப் பற்றி அவ்வளவு பேசியவர் கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் அதில் கால்வாசி பேசியதில்லை. தாகம் எடுத்து அவனாகத்தான் வெளியே வந்தான். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. இருபத்து நான்கு நாள் வைத்திருந்தார்கள். அவனுக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னோமே, அந்த இருபத்து நான்கு நாள்தான்.

அங்கே ஒரு பெண் டாக்டர். உன் வயதுதான் இருக்கும். நான் பொடி விஷயத்தை அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது, அதைவிட உங்கள் மகன் உங்களை நம்புவது போய்விட்டது, முதலில் அதைச் சரி செய்யணும் என்றார். பிறகு தம்பியையே கூப்பிட்டு உட்கார வைத்து, மாதம் ஒருமுறை போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, தசையில் போட்டால் அங்கேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும், தினமும் மாத்திரை வேண்டாம், என்ன நல்லது என்ன கெட்டது என்று எல்லாவற்றையும் அவனிடமே சொன்னார். நோய் அடியோடு போய்விடுமா என்று நான் குறுக்கே கேட்டேன், போகாது, அடங்கியிருக்கும் என்றார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “ஊசி போட்டுக்கிட்டா அம்மா என் சாப்பாட்டுல கை வைக்க மாட்டாங்கதானே?” என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன். அதற்காகத்தான் அவன் கையை நீட்டினான், வேறு எதற்காகவும் இல்லை. நல்ல சோறு சாப்பிடுவதற்காக என் பிள்ளை ஊசி போட்டுக்கொண்டான்.

முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் பிறகு நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம். முதலில் அவனே உலை வைத்து அவனே பொங்கிச் சாப்பிட்டான், உப்பே இருக்காது, நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் இருக்கும், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து, கொஞ்சம் பருப்பு போடும்மா என்றான். போட்டேன். அவசரத்தில் தட்டுக்கு வெளியே பாதி போயிற்று. சிரித்தான். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் காலை நேரத்துக்கு மட்டும் வேலைக்கும் போனான். அட்டையை அளந்து வெட்டுகிற வேலை. ஒரு மயிரிழை பிசகாதாம், கடைக்காரர் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ அனுப்பிய குட்டியின் படத்துக்கும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். உடம்பு கொஞ்சம் ஊதியது, பேச்சு கொஞ்சம் மெதுவானது, சாயங்காலம் ஆனால் விரல் இலேசாக நடுங்கும். அதையெல்லாம் பெரிதாக நினைக்கவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது, குரல் இன்னும் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டார். அவன் பதில் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறது டாக்டர், தனியாக முணுமுணுக்கிறான் என்றேன். அதைக் கேட்டுத்தான் அளவைக் கூட்டினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலாம் நாள் ஆரம்பித்தது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உட்காருவான், எழுவான், மறுபடி உட்காருவான், எழுவான். அப்புறம் உட்காருவதையே விட்டுவிட்டான். நம் வீட்டு வெளி வராந்தா, படிக்கட்டிலிருந்து அந்தக் கடைசி ஜன்னல் வரை நாற்பத்திரண்டு அடி, அதில் போவதும் வருவதுமாக நடந்தான். பொழுது விடிந்ததிலிருந்து நடை. “உக்காரணும்னு ஆசையா இருக்கும்மா. காலு விட மாட்டேங்குது, தோலுக்கு உள்ள யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு” என்றான். அவன் அழுது நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. நடந்துகொண்டே அழுதான். டாக்டரிடம் ஓடினோம். இது அந்த மருந்தால் வருவதுதான், சிலருக்கு வரும் என்று சொல்லி, கால் பதற்றம் குறைய வேறு மாத்திரை கொடுத்தார். அதை அவன் ஒன்றுவிடாமல் சாப்பிட்டான், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. நான் டாக்டரிடம், போட்ட ஊசியை முறிக்க எதிர் ஊசி ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அவர், “உள்ள போன மருந்த வெளிய எடுக்க முடியாதும்மா. அது தானா குறையணும், நாம காத்திருக்கணும்” என்றார். மாத்திரையாக இருந்தால் மறுநாளே நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தாலும் அந்த மருந்து அவன் தசைக்குள் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதுவரை எனக்கு இயலாமை என்றால் என்னவென்று தெரிந்திருந்தது என்று நினைத்தேன். தெரியவில்லை.

பத்தொன்பது நாள் நடந்தான். அப்பா முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார், வலிக்கிறதா என்று கேட்டால் எனக்கும் நடை நல்லதுதானே என்பார். நான் ஜன்னல் பக்கம் தட்டோடு நிற்பேன், அவன் ஒவ்வொரு முறை அந்த முனைக்கு வரும்போதும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு திரும்புவான். முப்பத்து மூன்று வயசுப் பிள்ளை. கீழ்வீட்டுத் தையல்காரர் தலைக்கு மேலே ஓயாமல் சத்தம் வருகிறது என்று கோபமாக மேலே ஏறி வந்தார். அவனைப் பார்த்தார். அப்படியே இறங்கிப் போய், மறுநாள் மிச்சத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு நீளமான விரிப்பைக் கொண்டுவந்து வராந்தாவில் விரித்துவிட்டுப் போனார். சத்தத்துக்காகவா, அவன் பாதத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை. கடையில், உடம்பு தேறியதும் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது கால் அடங்கிவிட்டது. உட்காருகிறான். இரண்டு நாளாக ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் சுவர்ப் பக்கம் காது கொடுப்பதையும் பார்க்கிறேன். வருகிற புதன்கிழமை நாலாவது ஊசி நாள். அவன் நடந்ததை அப்பா சொல்லக் கேட்டு நீ போனில், அவனை இவ்வளவு பாடு படுத்துகிற ஊசி எதற்கும்மா, நிறுத்துங்கள் என்றாய். நீ சொல்வது நியாயம். போட்டால் அந்த வராந்தா. போடாவிட்டால் அந்த மோட்டார் அறை. இரண்டில் என் பிள்ளைக்கு எதை நான் கேட்பது? அப்பாவிடம் கேட்டேன், அவன் முடிவு செய்யட்டும் என்கிறார். அதைச் சொல்லிவிட்டு அவரும் தூங்கவில்லை.

இதுவரை ஞாயிற்றுக்கிழமை எழுதியது. இன்று வியாழன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததையும் சேர்த்து எழுதிவிட்டால்தான் உனக்கு முழுசாகத் தெரியும் என்று தபாலில் போடாமல் வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது, நானும் அவனும் மட்டும் போனோம். ஊசி போடுகிற அறைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு, அதில் கையில் ஆஸ்பத்திரி அட்டையோடு ஏழெட்டுப் பேர். ஒருத்தர் அலுவலக உடையில் வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, போட்டுக்கொண்டு, மடித்ததை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷமாக இப்படித்தான் வருகிறாராம், ஒரு தொந்தரவும் இல்லையாம், பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவன் பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். நீ இங்கேயே இரும்மா என்றான். கதவு மூடிற்று. இருபது நிமிஷம். எனக்கு உள்ளே போய், கொஞ்சமாகவாவது போட்டு விடுங்கள் என்று சொல்லவும் தோன்றியது, போடாதீர்கள் என்று சொல்லவும் தோன்றியது. கையிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தேன். கேட்கட்டுமா என்று இருந்தது. அவர் என்னிடம், அவரே சொல்வாரும்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்தவன் நேரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான், நானும் பின்னால் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாலு நிறுத்தம் போயிருக்கும், ஜன்னலைப் பார்த்தபடியே, “இன்னைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். பாதி அளவு போடலாம்னாங்க, வேற ஊசியும் இருக்குன்னாங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்றேன்னேன்” என்றான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பழைய மருந்து கொஞ்ச நாள் உள்ளே இருக்கும், தள்ளிப் போடுவது நல்லதில்லை, இடையில் சரியில்லை என்றால் உடனே வா, எங்கேயும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளாதே என்றாராம். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அப்புறம், “ரெண்டு வாரம் கழிச்சு நான் போவேனான்னு எனக்கே தெரியலம்மா” என்றான். போவியா மாட்டியா என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன், அதற்குள் அவன் என் பக்கம் திரும்பி, “நீ ஒண்ணும் பண்ண மாட்டதானே?” என்று கேட்டான். எதைக் கேட்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினானா என்று தெரியவில்லை.

அவ்வளவுதான் மகளே. இரண்டு வாரத்தில் ஒரு நாள் போய்விட்டது. இன்று காலை நான் ஊற்றிக் கொடுத்த பாலைக் குடித்துவிட்டுச் சட்டக் கடைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினான். அப்பா திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனிமேல் சோறு வடிக்கலாம், அவன் அறை விளக்கைப் பார்க்கலாம், நாளை எண்ணலாம். வேறு ஒன்றும் என் கையில் இல்லை. நீ பதறிக்கொண்டு டிக்கெட் போட்டு வராதே, நீ திடீரென்று வந்து நின்றால் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவனுக்குத் தோன்றும். போன் பண்ணும்போது மட்டும் என்னைக் கேட்காமல் நேரே அவனைக் கூப்பிடு. ஊசியைப் பற்றிக் கேட்காதே. அட்டை வெட்டுவதைப் பற்றிக் கேள், நிறையச் சொல்வான்.

மாப்பிள்ளை முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது, மறக்காமல் செய். உனக்கும் அவருக்கும் நோய்நொடி இல்லாமல், குட்டி ஓடியாடிச் சிரித்து, உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சந்தேகம் இல்லாமல் பகிர்ந்து சாப்பிட்டு நிறைவாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். கடைசியாக ஒன்று. குட்டி இருமல் மருந்தைத் துப்புகிறாள், அதனால் பழச்சாறு என்று சொல்லி அதில் கலந்து கொடுத்துவிடுகிறேன் என்று போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். சின்னக் குழந்தை, அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் இனி கொடுக்கும்போது, இது மருந்து, கசக்கும் என்று சொல்லிவிட்டுக் கொடு. துப்பினால் துப்பட்டும், துடைத்துவிட்டு மறுபடி கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா